மேல் ஓடைக்கு நத்தை வந்த வழி

ஆபீஸில் அவருக்குப் பூட்ஸ் வாத்தியார் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய வாத்தியார் இல்லை. ஓடைகளைச் சீர்செய்கிற ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்த்து, தண்ணீரில் நின்று நின்று கால் நகமெல்லாம் வெளுத்துப்போன மனிதர். ஒரு ஓடையில் இறங்கிய பூட்ஸோடு இன்னொரு ஓடையில் இறங்கக் கூடாது; இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் அடியைத் தேய்த்துக் கழுவி, ஒரு ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்து எடுத்த பிறகுதான். இந்த விதியை எழுதியவர் அவர். எழுதியதோடு விட்டாரா? கழிப்பறைக் கதவு வரைக்கும் ஒட்டிவைத்தார். புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஐஸ்கிரீம் இருக்குமோ என்று ஃப்ரீசரைத் திறந்து, உள்ளே ஆறு ஜோடி பூட்ஸைப் பார்த்து அரண்டுபோன கதை இன்றைக்கும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

விதிக்குக் காரணம் ஒரு நத்தை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். எங்கிருந்தோ வந்து கீழ் ஓடையில் குடியேறிவிட்டது. அதற்கு ஜோடி வேண்டாம், கல்யாணம் வேண்டாம். ஒன்றே ஒன்று போய்ச் சேர்ந்தால் போதும், தானாகவே குட்டி போட்டுப் பெருகிவிடும். கல்லின் மேல் படிந்த பாசியை வழித்துத் தின்னும். பாசியை நம்பிய பூச்சிக்குப் பட்டினி, பூச்சியை நம்பிய மீனுக்கும் பட்டினி. ஒரு தடவை வந்துவிட்டால் போகவே போகாது.

கீழ் ஓடை ஊருக்குள் ஓடுவது. நேராக்குகிறேன் பேர்வழி என்று யாரோ ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் சிமெண்ட் பூசி அதைச் சாக்கடையாக்கி வைத்திருந்தார்கள். வாத்தியாரும் அவர் ஆட்களும் அந்தச் சிமெண்டை உடைத்து, பழைய வளைவுகளைத் தோண்டி எடுத்து, கல்லும் மரக்கட்டையும் போட்டு, கரையில் செடி நட்டு, மறுபடி ஓடையாக்கினார்கள். மேல் ஓடை மலையில் இருக்கிறது. யாரும் கைவைக்காதது. கீழ் ஓடை எவ்வளவு தேறியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மேல் ஓடையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதனால் மாதாமாதம் பதினைந்தாம் தேதி வாத்தியார் மலையேறி, மூன்று இடங்களில் தண்ணீர் பிடித்து, கல்லைப் புரட்டிப் பூச்சி எண்ணிவிட்டு வருவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மாதம் விட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறார். மாமனார் இறந்த மறுநாள் போயிருக்கிறார். அதை அவர் மனைவி இன்னும் மறக்கவில்லை. வாத்தியார் எங்கே பேசப் போனாலும், இந்த மாதாந்தரக் கணக்கை வைத்துப் போட்ட, நடுவில் ஒரு இடம்கூட அறுந்துபோகாத வரைகோட்டைத் திரையில் காட்டாமல் மேடையைவிட்டு இறங்க மாட்டார்.

அந்தப் பெருமைதான் அவரைக் கவிழ்த்தது.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு பதினைந்தாம் தேதி. காலையில் கீழ் ஓடையில், புதிதாக அமைத்த வளைவில் கரை சரிந்துவிட்டதாகப் போன் வந்தது. வாத்தியார் ஓடினார். மத்தியானம் இரண்டு மணி வரை இடுப்பளவு தண்ணீரில் நின்று கட்டைகளை நிமிர்த்தினார். கரையேறியபோதுதான் தேதி நினைவுக்கு வந்தது. மாற்று பூட்ஸ் ஆபீஸ் ஃப்ரீசரில் இருந்தது. ஆபீஸ் ஒரு பக்கம், மலை இன்னொரு பக்கம். போய் எடுத்துக்கொண்டு திரும்பினால் மலையில் இருட்டிவிடும். பதினாறாம் தேதி போயிருந்தால் குடியா முழுகியிருக்கும்? கோட்டில் ஒரு புள்ளி ஒரு நாள் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் வாத்தியார் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, குடிக்க வைத்திருந்த இரண்டு பாட்டில் தண்ணீரை பூட்ஸ் அடியில் ஊற்றி, பழந்துணியால் அழுத்தித் துடைத்தார். பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது. ஒரு தடவைதானே என்று மலையேறினார். மூன்றாவது இடத்தில் இருபது நிமிஷம் தண்ணீரில் நின்றார்.

அதன் பிறகு இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. வாத்தியாரும் சௌகரியமாக மறந்துபோனார்.

பிறகு ஒரு மாதம் மூன்றாவது இடத்தில் ஒரு கல்லைப் புரட்டினார். அடியில் கறுப்பாகப் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. மண்ணாக இருக்கும் என்று நகத்தால் சுரண்டினார். மண் நகர்ந்தது. இன்னொரு கல், இன்னொரு கல். எல்லாவற்றிலும் இருந்தது. அந்த இடத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, அந்த நாள், அந்த இரண்டு பாட்டில், அந்தப் பழந்துணி எல்லாமே. புரட்டிய கல்லை இருந்த மாதிரியே திருப்பி வைத்தார். அதைப் புரட்டவேயில்லை என்று ஆகிவிடுமா என்ன?

நத்தை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று ஓடை முழுக்க எண்ணினார்கள். நிலையத்தில் வரைபடம் போடுகிற மேடம், ஓய்வு பெற ஒரு வருஷமே பாக்கியுள்ளவர், சிவப்புப் புள்ளிகளாகக் குறித்த வரைபடத்தை மேசையில் விரித்தார்.

"பாருங்க சார், மூணாவது இடத்துலதான் கொட்டிக் கிடக்கு. கீழ போகப் போகக் குறைஞ்சுக்கிட்டே வருது. மீன் பிடிக்கறவங்க இறங்குற மடு இங்க இருக்கு, ஒரு கிலோமீட்டர் கீழ. அங்க ரொம்பக் கம்மி. அப்படின்னா..."

"மீன் வயித்துக்குள்ள போய் மேல வந்திருக்கும்," என்றார் வாத்தியார். "மீன் முழுங்கினாலும் சிலது சாகாது. வெளிய வந்து பொழச்சுக்கும்."

"அப்படியெல்லாமா நடக்கும்?"

"நடக்கும்."

மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவரைப் பார்த்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். பூட்ஸ் விஷயத்துல உங்களை மிஞ்சி ஆள் இருக்கா?"

மீன் வயிற்றில் நத்தை பிழைப்பது உண்மைதான். வாத்தியார் பொய் சொல்லவில்லை. ஒரு உண்மையை எடுத்து இன்னொன்றின் மேல் போர்த்திவிட்டார். படித்தவர்களுக்கு இந்த வித்தை நன்றாக வரும்.

அறிக்கை எழுத வேண்டியிருந்தது. இருபத்தெட்டுப் பக்கம் எழுதினார். அதில் ஒரே ஒரு வரி: மீன் பிடிக்க வருவோரின் காலணிகள் மூலம் நத்தை மேல் ஓடைக்கு வந்திருக்கலாம். வந்தது என்றா எழுதினேன், வந்திருக்கலாம் என்றுதானே எழுதினேன் என்று தனக்குத் தானே வக்கீலாக நின்று வாதாடிக்கொண்டார். மீன் பிடிப்பவர்கள் என்றால் ஒரு கூட்டம். கூட்டத்தின் மேல் பழி போட்டால் யாருக்கும் வலிக்காது.

ஆனால் மேல் ஓடைக்கு ஆட்களை அழைத்துப் போக அனுமதிச்சீட்டு வைத்திருந்தது ஒரே ஒருவர்தான். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிற ஆட்களாகப் பார்த்து, நாலைந்து பேராக அழைத்துப் போகிற வழிகாட்டி. அவர் வாத்தியாரின் சொந்தத் தங்கை புருஷன். இது வாத்தியாருக்குத் தெரியாமலா எழுதினார்? தெரியும். இதுவரை அவர் எழுதிய பதினேழு அறிக்கைகளையும் எந்த அதிகாரியும் படித்ததில்லை. பதினெட்டாவதையும் படிக்க மாட்டார்கள் என்று நம்பினார். இதைப் பார்த்துப் படித்துத் தொலைத்தார்கள்.

மேல் ஓடையில் மீன் பிடிக்கத் தடை வந்தது. வழிகாட்டியின் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. நாலு மாதம் கழித்து விசாரணை. அதற்குள் ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது. முடிவெட்டும் கடையில், "ஓடையைக் கெடுத்தவர் வந்துட்டார்" என்று ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னானாம். பாதி வெட்டிய தலையோடு மாப்பிள்ளை எழுந்து வந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரும் மனைவியும் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். தங்கை பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுன்டரில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க ஆயிரம் பேர் கேள்விக்குப் பதில் சொல்லி, வீட்டில் வாயே திறக்க மாட்டாள் என்று அவள் புருஷன் கிண்டல் செய்வார். அன்றைக்கு அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. தலைமுடி ஒரு பக்கம் நீளமாகவும் ஒரு பக்கம் ஒட்டவும் இருந்தது.

"மச்சான், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார். "அது என்னாலதான்."

வாத்தியாருக்குக் கையில் எடுத்த சாப்பாடு கையிலேயே நின்றது.

"மூணு வருஷம் இருக்கும். நல்ல மழை. அஞ்சு பேர் வந்திருந்தாங்க. ஒருத்தர் பூட்ஸ் ஈரமா இருந்துச்சு. எங்க போயிட்டு வரீங்கன்னு கேட்டேன், வீட்ல கழுவினதுன்னு சொன்னார். மழையில நிக்க வெச்சு எவ்வளவு நேரம் விசாரிக்கறது? சரி போங்கன்னு விட்டுட்டேன். அன்னிக்குத்தான் வந்திருக்கும். வேற எப்படி வரும்? நானே கொண்டுபோய் விட்டிருக்கேன், மச்சான்."

"அப்படியெல்லாம் உறுதியாச் சொல்ல முடியாது, மாப்பிள்ளை," என்றார் வாத்தியார்.

"நீங்க ஆறுதலுக்குச் சொல்றீங்க."

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். மேசையில் நாலே பேர், எல்லாரும் சொந்தம். தங்கை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொன்னாள். வாத்தியார் உண்மையையும் சாப்பாட்டையும் சேர்த்து மென்று விழுங்கினார்.

மாப்பிள்ளை சும்மா இருக்கிற ஆள் இல்லை. நத்தையைக் கையால் பொறுக்கி எடுக்கிறேன், அனுமதி வாங்கிக் கொடுங்கள் என்று வாத்தியாரிடமே வந்து நின்றார். ஆராய்ச்சிக்காக என்று எழுதி வாத்தியாரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதிலிருந்து தினமும் விடிந்ததும் மாப்பிள்ளை மேல் ஓடைக்குப் போய்விடுவார். கல்லைப் புரட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடிப் புட்டியில் போட்டு, எண்ணி, வாத்தியாருக்குப் போன் செய்வார். "இன்னிக்கு நானூத்திப் பன்னெண்டு, மச்சான்." "இன்னிக்கு அறுநூறு தாண்டிடுச்சு." பரீட்சை மார்க் சொல்கிற பிள்ளையின் குரல்.

ஒரு மீட்டர் இடத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிற நத்தை. அறுநூறை எடுத்தால் மறுவாரமே அறுநூறும் திரும்ப வந்துவிடும். அது வாத்தியாருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அந்த மாதம் பதினைந்தாம் தேதி மலையேறியபோது, கரையில் நின்று வேடிக்கை பார்த்தார். மாப்பிள்ளை முழங்கால் தண்ணீரில் குனிந்திருந்தார். குளிர்ந்த தண்ணீரில் ஊறி விரலெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

"குறையுதா, மச்சான்? உங்க கண்ணுக்குத் தெரியுதா?"

"குறையும்," என்றார் வாத்தியார்.

அறிக்கையில் எழுதியது போர்த்திய உண்மை. இது பச்சைப் பொய். அன்றைக்கு இறங்கி வரும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். தன்மேல் அவருக்கு அப்படி ஒரு அருவருப்பு வந்தது. அருவருப்பு வந்ததே தவிர வாய் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் சொன்ன விதியைத் தானே மிதித்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? பூட்ஸ் வாத்தியார் என்ற பெயரைக் கேலி என்றுதான் வெளியே காட்டிக்கொள்வார். உள்ளுக்குள் அந்தப் பெயரில்தான் அவர் நிமிர்ந்து நடந்தார்.

விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளை ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஓடைக் கரையில், பாறைமேல் உட்கார்ந்து வாத்தியார் படித்தார். என் கவனக்குறைவால் நத்தை வந்தது. அனுமதியை நானே திருப்பிக் கொடுக்கிறேன். இனி எந்த ஓடைக்கும் ஆட்களை அழைத்துப் போக மாட்டேன். மாப்பிள்ளைக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். பிடித்த வேலையும் அது ஒன்றுதான்.

"எழுத்துப்பிழை இருந்தா திருத்துங்க, மச்சான்."

வாத்தியாருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"மாப்பிள்ளை, இது நீங்க பண்ணினது இல்லை. நான் பண்ணினது. கீழ் ஓடையில இறங்கின பூட்ஸோட அன்னிக்கே இங்க இறங்கிட்டேன். நான்தான் கொண்டுவந்தேன்."

மாப்பிள்ளை அவரையே பார்த்தார். கண் கலங்கியது. பாறையைச் சுற்றிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்குத்தான் மச்சான் நீங்க வேணும்கறது. எனக்காகப் பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கப் பாக்கறீங்க. நான் அதுக்கு விடுவேனா?"

"இல்லை மாப்பிள்ளை, நிஜமாவே..."

"யாராவது நம்புவாங்களா? நீங்க போய் கழுவாத பூட்ஸோட இறங்குவீங்களா? பொய் சொல்றதுன்னாலும் பொருத்தமாச் சொல்ல வேண்டாமா?" சிரித்துவிட்டார். நாலு மாதத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

வாத்தியார் இன்னொரு தடவை சொல்லவில்லை. அதுதான் விஷயம். சொல்லிவிட்டேன், நம்பாதது அவர் பாடு என்று மனசு ஒரு துள்ளு துள்ளியது. வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டார். மனைவிகூட, "என்ன, இன்னிக்கு மனுஷன் மாதிரி சாப்பிடறீங்க?" என்றாள். படுத்ததும் தூங்கிப்போனார். அந்தத் தூக்கத்தை நினைத்துத்தான் பின்னால் ரொம்ப நாள் வெட்கப்பட்டார்.

மறுநாள் தங்கை ஆபீஸுக்கே வந்துவிட்டாள். வேலைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நேத்து அவர் வந்து ஒரே அழுகை. உங்க அண்ணன் மாதிரி மனுஷன் உண்டான்னு. எனக்காக என்ன பழி வேணும்னாலும் ஏத்துப்பாருன்னு."

வாத்தியார் மேசைமேல் கிடந்த காகிதங்களை அடுக்கினார்.

"நீ சொன்னது நிஜம்தானே?"

"அது... எப்படித் தெரியும்?"

"நீ யாருக்காகவும் பழி ஏத்துக்கற ஆளே இல்லை. கூடப் பொறந்தவளுக்கு இது தெரியாதா? சின்ன வயசுல ஜன்னல் கண்ணாடியைப் பந்தால உடைச்சிட்டு, காத்துல உடைஞ்சிருக்கும்னு சொன்னவன் நீ. அப்பா என்னைத்தான் அடிச்சாரு." அவள் குரல் ஏறவில்லை, கவுன்டரில் பஸ் நேரம் சொல்கிற மாதிரியே சொன்னாள். "அண்ணா, மலைமேல, ஆளில்லாத இடத்துல, உன்னைச் சாமின்னு நினைக்கறவர்கிட்ட சொல்லியிருக்க. அதெல்லாம் சொன்ன கணக்கே இல்லை. எந்த இடத்துல எழுதினியோ அங்க போய்ச் சொல்லு."

"அவர்கிட்ட நீ..."

"நான் சொல்ல மாட்டேன். அது என் வேலை இல்லை." எழுந்தாள். "சொல்லலேன்னா இனிமே வீட்டுக்கு வராத."

கதவை அவள் மெதுவாகத்தான் சாத்திக்கொண்டு போனாள்.

விசாரணை நாள் வந்தது. ஆபீஸ் கூட்ட அறையில் நீள மேசை, அதிகாரி, வரைபட மேடம், மீன் பிடிப்பவர்கள் பத்துப் பேர். தங்கை லீவு போட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் இருந்தாள். தானே முதலில் எழுந்து சொல்லிவிடுவது என்று வாத்தியார் வழி முழுக்கத் தீர்மானம் செய்துகொண்டு வந்திருந்தார். ஆனால் அதிகாரி முதலில் வழிகாட்டியைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை தேய்த்த சட்டையில் எழுந்து நின்று கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

முதல் வரியிலேயே குறுக்கிட்டிருக்க வேண்டும். வாத்தியாரின் கால் எழவில்லை. என் கவனக்குறைவால் என்று படித்தபோதும் எழவில்லை. இனி எந்த ஓடைக்கும் என்ற இடத்தில் மாப்பிள்ளை நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். கடைசி வரி வரைக்கும் படித்து முடித்து அவர் உட்கார்ந்த பிறகுதான் வாத்தியார் எழுந்தார்.

"அவர் படிச்சதுல ஒரு வார்த்தைகூடச் சரியில்லை," என்றார். "நத்தையைக் கொண்டுவந்தது நான்."

யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளை பதறிப்போய், "சார், அவர் என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றாரு, நம்பாதீங்க," என்றார் அதிகாரியிடம்.

வாத்தியார் பையிலிருந்து அந்த வருஷத்துக் களக் குறிப்பேட்டை எடுத்துப் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தார். காலை எட்டரை முதல் இரண்டு வரை கீழ் ஓடை, இடுப்பளவு தண்ணீர். மாலை நாலு இருபது, மேல் ஓடை, மூன்றாவது இடம். ஒரே தேதி, ஒரே கையெழுத்து. ஃப்ரீசர் என்று போட்டிருந்த கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. கோடு அறுந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்ததையும், கல்லைப் புரட்டிய அன்றே தெரிந்ததையும், தெரிந்தும் அந்த வரியை எழுதியதையும் வரிசையாகச் சொன்னார். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

வரைபட மேடம்தான் முதலில் பேசினார். "படம் அன்னிக்கே சொல்லிச்சு சார். நான் படத்தை விட்டுட்டு உங்களை நம்பினேன்."

அதிகாரி அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்தார். அனுமதி திரும்ப வந்தது. வாத்தியார் இனி அறிக்கை எழுதக் கூடாது. மேல் ஓடை வேலை வரைபட மேடத்தின் பொறுப்பு. வேண்டுமானால் இவர் உதவிக்குப் போகலாம். அறையைவிட்டு வரும்போது வாத்தியாருக்கு, பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் ஒன்றும் இறங்கவில்லை.

மாப்பிள்ளை வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் நின்றிருந்தார். கையில் அந்தக் கடிதம் இன்னும் இருந்தது.

"நிஜம்தானா?"

"நிஜம்தான்."

"அன்னிக்கு என்கிட்ட சொன்னதும்?"

"ஆமா."

"நான் நம்பலை. நீங்க இன்னொரு தடவை சொல்லலையே?" வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளை கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நூத்திப் பத்து நாள் பொறுக்கினேன். நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்க. குறையும்னு சொன்னீங்க. அனுமதி போனாப் போகட்டும்னு இருந்தேன், அதை விடுங்க. ஆனா நான் அந்தத் தண்ணிகிட்ட மன்னிப்பு கேட்டேன், தெரியுமா? யாரும் இல்லாதப்ப, பைத்தியக்காரன் மாதிரி, வாய்விட்டுக் கேட்டேன். நான் கொன்னுட்டேன்னு நினைச்சு." கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "உங்களுக்குச் சொல்றதுக்கு அது ஒரு வார்த்தைதானே?"

மாப்பிள்ளை பதிலுக்காக நிற்கவில்லை. தங்கையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

நத்தை போகவில்லை. போகாது. மூன்றாவது இடத்திலிருந்து மடு வரைக்கும் இப்போது எல்லாக் கல்லிலும் இருக்கிறது. கீழ் ஓடையை இனி எதை வைத்து அளப்பது என்று நிலையத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நத்தை இன்னும் எட்டாத கிளை ஓடை ஒன்று மேலே இருக்கிறது. அதைக் காப்பாற்ற அதிகாரி புதிதாக ஒரு ஏற்பாடு செய்தார்: மலையில் ஒரு கதவு, கதவில் ஒரு ஆள். மீன் பிடிக்க வருகிறவரானாலும் ஆராய்ச்சிக்கு வருகிறவரானாலும், கதவில் இருப்பவர் பூட்ஸைப் பார்த்து அனுமதித்தால்தான் உள்ளே போகலாம். அந்த வேலையை மாப்பிள்ளைக்குக் கொடுத்தார்கள். அவரைவிடக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள் யார் கிடைப்பார்கள்?

தங்கை வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போனால் சாப்பாடு போடுகிறாள், பேசுகிறாள். மாப்பிள்ளை மட்டும் அந்த நேரம் பார்த்து ஏதாவது வேலையாக வெளியே போய்விடுவார்.

அடுத்த பதினைந்தாம் தேதி வாத்தியார் மேடத்துக்கு உதவியாக, வாளியும் வலையும் தூக்கிக்கொண்டு கதவுக்கு வந்தார். மேடத்தின் பூட்ஸை மாப்பிள்ளை ஒரு தடவை பார்த்தார், தலையாட்டினார், உள்ளே விட்டார். பிறகு வாத்தியாரைப் பார்த்தார்.

"கடைசியா எந்த ஓடை?"

"கீழ் ஓடை. நாலு நாள் முன்னாடி. கழுவி, ஃப்ரீசர்ல வெச்சு எடுத்தேன், மாப்பிள்ளை."

"காலைத் தூக்குங்க, சார்."

இருபது வருஷமாக மச்சான் என்று கூப்பிட்ட வாய். கேலியாகச் சொல்கிறாரோ என்று வாத்தியார் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை, கோபம்கூட இல்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசுகிற மரியாதை. வாத்தியார் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். மாப்பிள்ளை குனிந்து, அடியில் ஒவ்வொரு வரியிலும் பிரஷ்ஷை விட்டுத் தேய்த்து, உதிர்ந்ததை வெள்ளைத் தட்டில் தட்டி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து இன்னொரு தடவை தேய்த்தார். உள்ளே மேடம் வாளிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை தட்டைத் துடைத்துக் கீழே வைத்தார்.

"இன்னொரு கால், சார்."